தூதரக கவுண்டரில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

திங்கட்கிழமை காலையில் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால், மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு என்று வரிசையாக மனுக்கள் உள்ளே போகும். வேறு ஒரு வேலையாகப் போன நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்தார். மகன் சவுதியில் இருக்கிறான், நாலு மாசமாகச் சம்பளம் இல்லை, ஊருக்கும் அனுப்பமாட்டேன் என்கிறார்கள், தூதரகத்துக்குச் சொல்லி மீட்டுத் தர வேண்டும். இதுதான் விஷயம்.

எழுதுபவர் பேனாவைத் திறந்தபடி கேட்டார். "கம்பெனி பேரு என்னம்மா?"

"அரபிக்காரன் கம்பெனி தம்பி."

"ஊரு?"

"சவுதிதான்."

"சவுதியில எந்த ஊரும்மா? பாஸ்போர்ட் நம்பராச்சும் இருக்கா?"

அம்மா மஞ்சள் பையைத் துழாவினார். ரேஷன் கார்டு இருந்தது. மகனின் போட்டோ இரண்டு இருந்தது. நம்பர் இல்லை.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் தூதரகத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். "அவங்க ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்பது ஒன்று. "ஒரு போன் போட்டால் போதும், போலீஸோட போய் ஆளைக் கூட்டிட்டு வந்துடுவாங்க" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்கள் தூதரகத்தை ஒரு போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கற்பனை செய்துகொள்கிறார்கள். ஒருவருக்கு வேலை செய்யாத ஸ்டேஷன், இன்னொருவருக்கு நன்றாக வேலை செய்யும் ஸ்டேஷன், அவ்வளவுதான். நிஜத்தில் அது நம்ம ஊர்த் தாலுகா ஆபீசையும் சார்பதிவாளர் ஆபீசையும் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அடுத்தவர் ஊரில் கொண்டுபோய் வைத்தது போன்ற இடம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஊரில் யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. கேட்கலாம், எழுதலாம், பேசலாம், "இவர் எங்கள் ஆள்" என்று சான்று கொடுக்கலாம்.

இது எழுதிவைத்த சட்டம். 1963-ல் வியன்னாவில் உலக நாடுகள் கூடி, தூதரக உறவுகள் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன. ஒரு நாட்டின் தூதரக அதிகாரி இன்னொரு நாட்டில் என்னென்ன செய்யலாம் என்று அதன் 5-வது பிரிவு வரிசைப்படுத்துகிறது: பாஸ்போர்ட் கொடுப்பது, நோட்டரி வேலை பார்ப்பது, பிறப்பு இறப்பைப் பதிவது, தன் நாட்டவருக்கு உதவுவது. அதே உடன்படிக்கையின் 55-வது பிரிவு, இருக்கும் நாட்டின் சட்டத்தை மதித்து நடக்க வேண்டும், அதன் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. தூதரகத்தின் பலம் 5-வது பிரிவில் இருக்கிறது, அதன் கட்டு 55-வதில் இருக்கிறது. கீழே வரும் எல்லாவற்றையும் இந்த இரண்டையும் வைத்தே புரிந்துகொள்ளலாம்.

எந்த ஆபீசுக்குப் போவது?

தலைநகரில் இருப்பது தூதரகம். அதன் தலைவர் தூதர். பெரிய நாடாக இருந்தாலோ நம் ஆட்கள் அதிகம் இருந்தாலோ வேறு நகரங்களில் துணைத் தூதரகம் இருக்கும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாடுகளில் தூதரகத்துக்கு ஹைகமிஷன் என்று பெயர். வேலை ஒன்றுதான்.

ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபி, அல் ஐன்காரர்கள் அபுதாபி தூதரகத்தைச் சேர்ந்தவர்கள். துபாய், ஷார்ஜா, அஜ்மான் பக்கம் இருப்பவர்களுக்குத் துபாய் துணைத் தூதரகம். சவுதியில் ரியாத், தம்மாம் பக்கம் என்றால் ரியாத் தூதரகம். ஜித்தா, மக்கா, மதீனா பக்கம் என்றால் ஜித்தா துணைத் தூதரகம். "சவுதிதான்" என்று மட்டும் எழுதிய மனு முதலில் எந்த மேசைக்குப் போவது என்றே தெரியாமல் சுற்றும். மனு எழுதுபவர் ஊர் பெயரைக் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

இப்போதெல்லாம் பாஸ்போர்ட் மாதிரியான வழக்கமான வேலைகளைத் தூதரகம் நேரடியாக வாங்குவதில்லை. பல நாடுகளில் அதற்கென்று ஒரு தனியார் சேவை மையம் இருக்கும். ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் போட்டு அங்கே கொடுக்க வேண்டும். சேவைக் கட்டணம் தனி. போட்டோ, ஜெராக்ஸ், எஸ்எம்எஸ் என்று கூடுதல் வசதிகளையும் நீட்டுவார்கள். கட்டாயமில்லாதவற்றை வேண்டாம் என்று சொல்லலாம், தப்பில்லை. சவுதி போன்ற பெரிய நாடுகளில் தூரத்து ஊர்க்காரர்களுக்காக விடுமுறை நாளில் அங்கேயே வந்து முகாம் போடுவதும் உண்டு.

வழக்கமான வேலைகள்

பாஸ்போர்ட் புதுப்பிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. காலாவதியாக ஆறு மாதம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் பல நாடுகளில் விசா வேலை நடக்காது, ஏர்லைன்ஸ் கவுண்டரிலும் நிறுத்துவார்கள். அதிகம் சறுக்குவது வேறு இரண்டு விஷயங்களில்.

முதலாவது, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை. அப்பா அம்மா இந்தியர் என்றால் குழந்தையும் தானாக இந்தியர் ஆகிவிடும் என்று நினைப்பார்கள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு அப்படி இல்லை. பிறந்து ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வாங்கித்தான் பதிய முடியும். பெயர் சூட்டு விழாவுக்கு நாள் பார்க்கும்போதே இதற்கும் ஒரு நாள் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, பவர் பத்திரம். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஊரிலுள்ள மனையை விற்க வேண்டும், லீவு கிடைக்கவில்லை, தம்பிக்குப் பவர் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே வக்கீலிடம் வாசகம் எழுதி வாங்கி, அங்கே பிரின்ட் எடுத்து, ஹைகமிஷன் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதிகாரி சான்று வைப்பதே "என் முன்னால் போட்டார்" என்பதற்குத்தானே. அதற்கான அதிகாரத்தை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தூதரக அதிகாரிகளுக்குக் கொடுத்திருக்கிறது. அவர்கள் சான்றளித்த பவரைப் பதிவுச் சட்டமும் ஏற்கிறது.

அதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கூரியரில் வந்த பத்திரத்தைத் தம்பி பீரோவில் பத்திரமாக வைத்துவிடுவார். பார்ட்டி கிடைத்து ஆறு மாதம் கழித்து எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் ஆபீசுக்குப் போனால் செல்லாது என்பார்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்ய வேண்டும்; பத்திர எழுத்தர்கள் 'அட்ஜுடிகேஷன்' என்று சொல்வது இதைத்தான். பத்திரம் எப்போது வந்தது என்பதற்கு அந்தக் கூரியர் கவர்தான் அத்தாட்சி. கவரைக் கிழித்து எறியாதீர்கள்.

பென்ஷன் வாங்குபவர்களுக்கு ஆயுள் சான்று, படிப்புச் சான்றிதழுக்குச் சான்றொப்பம் போன்றவையும் உண்டு. ஆனால் இந்தியச் சான்றிதழ்களுக்கான சான்றொப்பம் பெரும்பாலும் இங்கேயே, கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலை. அங்கே போனபின் அதே சான்றிதழை ஊருக்கு அனுப்பி, இங்கே ஒருவரை அலையவிட்டு, திரும்பப் பெறுவது பெரிய தலைவலி.

பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தால்

பாஸ்போர்ட் உங்களுடையதும் இல்லை, முதலாளியுடையதும் இல்லை. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி அது எப்போதும் இந்திய அரசின் சொத்து. நம் கையில் இருப்பது வைத்திருக்கும் உரிமை மட்டும். வேலை செய்பவரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பது வளைகுடா நாடுகளின் சட்டப்படியும் பொதுவாகத் தப்புதான். நடைமுறை வேறு என்பது அங்கே ஒருநாள் வேலை பார்த்தவருக்கும் தெரியும்.

இப்போது ஒருவர் கம்பெனியை விட்டு வெளியே வந்துவிட்டார், பாஸ்போர்ட் கபீலிடம், அதாவது விசா கொடுத்த ஸ்பான்சரிடம், மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். தூதரகம் அவருக்கு எமர்ஜென்சி சர்டிபிகேட் கொடுக்கும். ஒரே ஒரு முறை, ஒரே திசையில், இந்தியாவுக்கு வருவதற்கு மட்டுமான தாள். வளைகுடாவில் இதை எல்லோரும் 'அவுட்பாஸ்' என்பார்கள். பழைய பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸோ நம்பரோ இருந்தால் கம்ப்யூட்டரில் தேடி ஆளை உறுதி செய்துவிடலாம். ஒன்றுமே இல்லையென்றால் இவர் இந்தியர்தானா என்று ஊருக்கு எழுதி, போலீஸ் மூலம் விசாரித்து, பதில் வந்த பிறகுதான் கொடுப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும்.

'அவுட்பாஸ்' என்ற பெயரே ஆட்களை ஏமாற்றிவிடுகிறது. அந்தத் தாள் இந்தியாவுக்குள் நுழையும் கதவைத்தான் திறக்கும். அந்த நாட்டை விட்டு வெளியேறும் கதவு வேறு, அதன் சாவி அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையிடம் இருக்கிறது. சவுதியில் முதலாளி "ஓடிப்போய்விட்டான்" என்று புகார் பதிந்திருந்தால், அதாவது 'ஹுரூப்' போட்டிருந்தால், அது தீராமல் வெளியேறும் முத்திரை கிடைக்காது. இக்காமா என்ற தங்கும் அனுமதி அட்டை காலாவதியாகி அபராதம் ஏறியிருந்தாலும், செக் பவுன்ஸ் வழக்கோ போன் பில் பாக்கியோ இருந்தாலும் இதே கதை. தூதரகம் அவுட்பாஸ் கொடுத்தும் ஆள் வர முடியவில்லையே என்று வீட்டில் கோபப்படுவார்கள். முதல் கதவு திறந்தாயிற்று, இரண்டாவது இன்னும் பூட்டியிருக்கிறது.

அந்த இரண்டாவது கதவை அவ்வப்போது அந்த நாடுகளே அகலத் திறந்துவிடும். அதுதான் பொதுமன்னிப்பு. அமீரகத்தில் 2018-லும் 2024-லும் அறிவித்தார்கள். அபராதம் கட்டாமல் ஊருக்குப் போகலாம் என்றார்கள். அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே தூதரகத்துக்குப் போய்விட வேண்டும். கடைசி வாரத்து வரிசையில் வெயிலில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சம்பளப் பாக்கிக்கும் இதே கணக்கு. தூதரகத்தில் தொழிலாளர் நலப் பிரிவு இருக்கும். அங்கிருந்து கம்பெனிக்குப் போன் செய்வார்கள், கடிதம் எழுதுவார்கள், பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். சின்னக் கம்பெனிகள் பல இதிலேயே வழிக்கு வந்துவிடும். வரவில்லையென்றால் அந்த நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம்தான். வழக்கைப் போட வேண்டியவர் தொழிலாளி. எப்படிப் போடுவது, எந்தத் தாள் வேண்டும் என்பதில் தூதரகம் உதவும். சவுதியில் வேலை முடிந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும். "பேசிட்டு இருக்காங்க, வரும்" என்று வருடத்தை ஓட்டிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கைதானால்

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்து மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் அடுத்து என்ன நடக்கிறது? யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கிருந்து அதிகாரி சிறைக்குப் போய் மீனவர்களைப் பார்ப்பார். பெயர், ஊர், படகு விவரம் குறித்துக்கொள்வார். மாற்றுத் துணி, சோப்பு போன்றவை கொடுப்பார்கள், வீட்டுக்குத் தகவல் போகும், வக்கீலுக்கு ஏற்பாடு நடக்கும். கோர்ட் விடுவித்த பிறகு கொழும்பு பக்கம் மிரிஹான முகாமில் தங்கவைத்து, கையில் எமர்ஜென்சி சர்டிபிகேட் கொடுத்து, விமானத்தில் சென்னைக்கு அனுப்புவார்கள். படகில் போனவர் பிளேனில் திரும்புகிறார். படகு திரும்பாது, அது வேறு சோகம்.

இதற்குத் 'தூதரக அணுகல்' என்று பெயர். வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவு. கைது செய்த நாடு, "உன் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை உனக்கு உண்டு" என்று கைதானவரிடம் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதிகாரி வந்து பார்க்க, பேச, வக்கீல் ஏற்பாடு செய்ய விட வேண்டும். இந்தப் பிரிவை மீறியதாகப் பாகிஸ்தான் மீது இந்தியா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போன, அங்கே மரண தண்டனை பெற்ற இந்தியர் குல்பூஷன் ஜாதவ் வழக்கில், 2019 ஜூலையில் இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதிலும் கோர்ட் சொன்னது 'விடுதலை செய்' என்பதல்ல. தூதரக அணுகலைக் கொடு, தண்டனையை மறுபரிசீலனை செய் என்றுதான்.

அவர் 'கேட்டால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பயத்திலும் மொழி தெரியாமலும் நம் ஆட்கள் வாயைத் திறக்காமல், தெரியாத பாஷையில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "இந்தியன் எம்பஸி" என்ற இரண்டு சொல் போதும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அதிகாரி வந்தால் என்ன செய்ய மாட்டார்? உங்களுக்காக வாதாட மாட்டார், ஜாமீன் கட்ட மாட்டார், "இவன் நல்ல பையன், விட்டுவிடுங்கள்" என்று நீதிபதியிடம் சொல்ல முடியாது. கொலை வழக்கில் சாவுக்கு ஈடாக இறந்தவரின் குடும்பத்தார் கேட்கும் பணத்தைத் தூதரகம் தராது. ஆனால் அடித்தார்களா, மருந்து கிடைக்கிறதா, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்று கேட்பார். கேட்கிறார் என்பதாலேயே உள்ளே நடத்தும் விதம் மாறும். தண்டனை முடிவான பிறகு, மீதிக் காலத்தை இந்தியச் சிறையில் கழிக்க விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. அதற்கு இங்கே 2003-ல் ஒரு சட்டம் வந்தது; ஒப்பந்தம் இருக்கும் நாடுகளுக்கு மட்டும் பொருந்தும்.

ஊருக்கு உடல் வர வேண்டும் என்றால்

எழுதவே கை வரவில்லை, ஆனால் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் இந்தத் தகவல்தான் கடைசி நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

இறந்தவுடன் மருத்துவமனை இறப்புச் சான்று கொடுக்கும். விபத்து, தற்கொலை என்று இயற்கைக்கு மாறாக எது நடந்திருந்தாலும் போலீஸ் அறிக்கையும் வேண்டும், அரபியில் இருந்தால் மொழிபெயர்ப்போடு. இங்கிருந்து குடும்பத்தின் சம்மதக் கடிதம் போக வேண்டும். மனைவியோ பெற்றோரோ ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கியது. உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமா, அங்கேயே அடக்கம் செய்யலாமா, அங்கே யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார், அவருடைய பெயர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தால் தூதரகம் பாஸ்போர்ட்டை ரத்து செய்து தடையில்லாச் சான்று கொடுக்கும். அந்தச் சான்று வந்த பிறகுதான் உடலைப் பதப்படுத்துவது, பெட்டி, விமானச் சரக்குப் பதிவு எல்லாம் நகரும்.

தாமதம் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். ஒன்று போலீஸ் விசாரணை. அதைத் தூதரகத்தால் அவசரப்படுத்தச் சொல்லத்தான் முடியும். இன்னொன்று வீட்டுக்குள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்தில், சம்மதக் கடிதத்தில் மனைவி கையெழுத்துப் போடுவதா, அப்பா போடுவதா என்பதிலேயே மூன்று நாள் போனது. பெட்டி வந்த பிறகு அழுவதற்கு எல்லோரும் ஒன்றாகத்தான் நின்றார்கள்.

செலவு யாருடையது? சவுதி தொழிலாளர் சட்டப்படி, தொழிலாளியின் உடலை அனுப்பும் செலவு முதலாளியுடையது. அமைப்பாக இருக்கும் கம்பெனிகள் கட்டிவிடும். முதலாளி கைவிரித்தாலோ, ஆள் ஹுரூப்பில் இருந்து முதலாளியே இல்லை என்றாலோ, வசதியில்லாத குடும்பம் என்று காட்டித் தூதரகத்தின் நல நிதியிலிருந்து கேட்கலாம். இதற்கெல்லாம் அங்கே ஓடியாடி மருத்துவமனைக்கும் போலீசுக்கும் அலைபவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத சமூக சேவகர்கள். தமிழ்ச் சங்கத்துக்காரர்களும் மலையாளிகளும் அதில் இருப்பார்கள்.

அடக்கம் முடிந்ததும் விஷயம் முடிவதில்லை. பாக்கிச் சம்பளம், வேலை பார்த்த வருடங்களுக்கான சர்வீஸ் பணம், விபத்து என்றால் இழப்பீடு எல்லாம் அங்கே கிடக்கும். வாரிசுச் சான்றிதழை தாசில்தாரிடம் வாங்கி, தூதரகத்தின் பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அவர்கள் அங்கே கேட்டு வாங்கி, பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் வழியாகக் குடும்பத்துக்கு அனுப்புவார்கள். வருடக் கணக்கில் ஆகும். ஆனால் வரும். இதற்கு ஏஜென்ட் யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த நல நிதி

இந்தியச் சமூக நல நிதி 2009-ல் தொடங்கியது. வரிப்பணத்திலிருந்து வருவதல்ல. நாம் பாஸ்போர்ட், பவர் என்று தூதரகத்தில் கட்டணம் கட்டும்போது ரசீதில் ஒரு சிறு தொகை சேர்த்திருப்பார்கள். அதுதான் இந்த நிதி. வெளிநாட்டு இந்தியர்களின் மொய்ப்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்க இடமில்லாமல் நிற்பவருக்கு இடம், சாப்பாடு, ஊருக்கு டிக்கெட், அவசரச் சிகிச்சை, தகுதியானவருக்கு வக்கீல் செலவு, உடலை அனுப்பும் செலவு ஆகியவற்றுக்குத் தரலாம். வேறு வழியே இல்லாதவர் என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். ஷாப்பிங் முடித்துப் பர்ஸைத் தொலைத்த டூரிஸ்டுக்கு, வீட்டிலிருந்து பணம் வரவழைக்கச் சொல்லித்தான் பதில் வரும். கிரெடிட் கார்டு கடன், ஓட்டல் பில், வேலை தேடித் தருவது எதற்கும் அந்தக் கவுண்டரில் இடமில்லை.

கிளம்பும் முன்

பத்தாவது பாஸ் ஆகாதவரின் பாஸ்போர்ட் ஈசிஆர் வகையில், அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற வகையில், வரும். அவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது. இந்த வகைப் பெண்கள் 30 வயதுக்குக் குறைவாக இருந்தால் அனுமதி கிடையாது. இதையெல்லாம் தொந்தரவு என்று நினைத்து விசிட் விசாவில் ஏற்றிவிடும் ஏஜென்ட்கள் உண்டு. அப்படிப் போனவருக்கு அங்கே தொழிலாளி என்ற அந்தஸ்தே இல்லை. தூதரகம் முதலாளியிடம் என்னவென்று கேட்கும்?

முறையாகப் போனால் வேலை ஒப்பந்தம் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகியிருக்கும். கம்பெனி பெயர், ஊர், சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாய்க்கு மேல், வரி நீங்கலாக, வாங்கக் கூடாது. நம் ஊரில் அதைப் போல எத்தனை மடங்கு கொடுக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். 1978 முதல் தமிழக அரசே ஓ.எம்.சி.எல் என்ற நிறுவனத்தின் வழியாக ஆள் அனுப்புகிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம்.

போர் மாதிரி ஏதாவது வந்தால் அரசு மொத்தமாக மீட்கும். 2022-ல் உக்ரைனிலிருந்து மாணவர்களை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். 2023-ல் சூடானிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் ஜித்தா வழியாகக் கொண்டுவந்ததற்கு 'ஆபரேஷன் காவேரி' என்று நம் ஆற்றின் பெயரையே வைத்தார்கள். அந்த நேரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் தூதரகத்திடம் இருக்க வேண்டும். போன உடனே தூதரக இணையதளத்தில் பதிந்துவைப்பது அதற்காகத்தான்.

இன்னொன்று. அமெரிக்க, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி, இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இந்தியக் குடிமகன் இல்லை. அவர் இந்தியாவுக்கு விசா இல்லாமல் வந்துபோகலாம், ஆனால் மூன்றாவது நாட்டில் மாட்டிக்கொண்டால் போக வேண்டியது அவருடைய புதிய நாட்டுத் தூதரகத்துக்கு.

எங்கே சொல்வது?

2015-ல் வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய 'மதத்' என்ற இணையதளம் இருக்கிறது. இந்தியில் உதவி என்று பொருள். சிக்கலில் இருப்பவரோ ஊரில் இருக்கும் குடும்பமோ பதியலாம். ஒரு எண் கிடைக்கும், புகார் எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்கலாம். துபாயில் இருப்பவர்களுக்கு 24 மணி நேர உதவி மையத்தின் இலவச எண் 800 46342. பழைய பட்டன் போனில் இந்தியா என்ற சொல்லை ஆங்கிலத்தில் அழுத்தினால் வரும் எண்கள்தான் அவை, மறக்காது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை இருக்கிறது. ஆட்சியர் அலுவலக மனுவும் அங்கே போய்த்தான் டெல்லிக்கும் தூதரகத்துக்கும் போகும்.

எந்த வழியாகப் போனாலும் முதல் கேள்வி மாறாது. பெயர், பாஸ்போர்ட் நம்பர், கம்பெனி, ஊர், அங்கே தொடர்பு எண்.

அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நம்பர் கிடைத்தது. மனு எழுதுபவர்தான் கேட்டார், "பையன் போகும்போது ஜெராக்ஸ் எங்கம்மா எடுத்தான்?" ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. யாரிடமோ கேட்டுக் கடைக்காரரின் எண்ணைப் பிடித்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஏஜென்ட்டுக்கு மெயில் அனுப்ப ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டரில் அழியாமல் கிடந்தது. வாட்ஸ்ஆப்பில் வந்தது. விசா பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்திருந்தார் அந்தப் புண்ணியவான். ஸ்பான்சர் பெயர் அதில் அரபியில் இருந்தது. மனு எழுதுபவர் முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் முதல் வரியிலேயே நம்பரை எழுதி அடிக்கோடு போட்டார்.